காலி இடத்துக்கும் ஒரு கமா

கங்காதர நெல்லூர்
12.2.2007

நளினி அக்காவுக்கு, கலைவாணி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இன்று காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு வயது. ‘1’ என்று இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் பிள்ளைகள் 10. அந்தப் பெண்ணின் பெயர் ‘சத்தியவேடு’, ஊர் ‘26’.

கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலைக்குத் திருப்பதியில் ஏஜென்ட் கங்கையா வாங்கிய விண்ணப்பங்கள் எல்லாம் எங்கள் சித்தூர் டைப்பிங் சென்டருக்குத்தான் வந்திருக்கின்றன. உன்னுடையதும் இருக்கிறது. நான்தான் அடித்து அனுப்பினேன். கம்பெனிக்காரர்கள் நேற்றே போன் செய்து சிரித்தார்களாம். கிரண்குமார் சார் எல்லார் எதிரிலும் கேட்டார்: “ஏந்தம்மா இதி? உங்க அரவத் தமிழ் ஊருங்கள்ல தொட்டில்லயே கட்டிக் குடுத்துடுவீங்களா?”

பக்கத்து சீட் பிரேமலதா விடவில்லை. “ஒரு வயசுல பத்துப் புள்ள பெத்தவளுக்கு மாலை போட்டு ஊர்வலம் வுடணும் சார்” என்றாள். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சார் போன பிறகு கவனித்தேன். தெலுங்குக்காரர்களின் வரிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. நம் தமிழ் ஆட்கள் வரிகள் மட்டும்தான் இப்படி. உன் வரியும்தான். உன் பெயர் ‘திருப்பதி’, ஊர் ‘23’, வயது இல்லை, பிள்ளைகள் 12. காரணம் புரியவில்லை.

நைனா பூத்திலிருந்து போன் போட்டுச் சொல்லச் சொன்னார். போனைக் காதில் வைத்தாலே எனக்கு வார்த்தை வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்சுவுக்கு ‘ர’ வந்துவிட்டது. இப்போது லயில் இல்லை, ரயில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை
கலைவாணி


திருப்பதி
21.2.2007

கலைக்கு, அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது, தூசிதான்.

உன் கடிதத்தை லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். மேலே துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு பிள்ளை! அத்தனையையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினால் தேவஸ்தானம் தனி க்யூ விட வேண்டும்.

சிரித்துவிட்டுப் பயந்தேன். கலை, இது விளையாட்டு இல்லை. இந்த லாட்ஜில் என்னால் ரொம்ப நாள் ஓட்ட முடியாது. புது மேனேஜர் வந்திருக்கிறார். ரூம் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார், நாங்களே வந்து அவர் சட்டைப்பையிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறார். அந்தக் கம்பெனியில் எல்லாரும் பெண்கள். ஹாஸ்டல் உண்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. கங்கையா சொன்னார். அது கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து அடுத்தவர் தோப்பில் மாங்காய் பொறுக்க வேண்டும். முரளி விட்டுவிட்டுப் போனவள் என்று கிணற்றடியில் பேசுவதையும் கேட்க வேண்டும். வர மாட்டேன். என் வரி ஏன் அப்படி ஆனது என்று பார்த்துச் சரி செய்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி? நைனா இன்னும் இருமுகிறாரா? செவலை ஆடு குட்டி போட்டதா? பக்கத்து வீட்டு சின்னசாமி வேலியைத் தள்ளிக் கட்டினாரா, இல்லை அதே சண்டைதானா? எல்லாம் விவரமாக எழுது.

அக்கா
நளினி


கங்காதர நெல்லூர்
2.3.2007

அன்புள்ள அக்கா, கலைவாணி எழுதுகிறேன். உன் தொண்டைக்கு மிளகுத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள் அம்மா.

காரணம் தெரிந்துவிட்டது.

கம்பெனி கேட்கிற ஃபைலில் கோடு, கட்டம், கலர் ஒன்றும் கிடையாது. வெறும் எழுத்தும் கமாவும்தான். முதல் வரியில் தலைப்புகள் மட்டும்: இன்டிபேரு, பெயர், ஊர், வயது, குழந்தைகள், படிப்பு. அதற்குக் கீழே ஓர் ஆளுக்கு ஒரு வரி. ஒரு விவரம் முடிந்தால் ஒரு கமா. என்டர் தட்டினால் அந்த ஆள் முடிந்து அடுத்த ஆள். எந்த விவரம் எந்தத் தலைப்புக்கு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது கமாவை மட்டும் எண்ணிக்கொண்டு போகும்.

தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் இன்டிபேரு என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. நமக்கு ஏது? சத்தியவேடு பொன்னியம்மாளின் விண்ணப்பத்தில் அந்த இடம் காலி. காலியாக இருப்பதை எப்படி அடிப்பது என்று நான் பெயரிலிருந்தே ஆரம்பித்தேன். பொன்னியம்மாள், சத்தியவேடு, 26, 1, 10 என்று. அதனால் அவள் பெயர் இன்டிபேருக்குப் போனது, ஊர் பெயர் ஆனது, வயது ஊர் ஆனது. ஒரு குழந்தை என்பது ஒரு வயது ஆனது. பத்தாவது படித்தது பத்துப் பிள்ளை ஆனது. எல்லாம் ஒரு வீடு முன்னால் நகர்ந்துவிட்டது.

சாரிடம் கேட்கப் பிரேமலதாவைத்தான் அனுப்பினேன். அவர் அங்கிருந்தே கத்தினார்: “காலியா இருந்தாலும் கமா போடணும்மே! ஆள் இல்லாட்டியும் சீட்டு சீட்டுதான?”

அவ்வளவுதான். நம் ஆட்கள் வரிகளுக்கு எல்லாம் முன்னால் ஒரு கமா போட்டேன். இன்னொன்றும் இருந்தது. வெதுருகுப்பம் இந்திராணி தன் ஊரை ‘மேல்தெரு, வெதுருகுப்பம்’ என்று எழுதியிருந்தாள். அந்தக் கமாவையும் கம்ப்யூட்டர் எண்ணிவிட்டது. அப்படி இருந்தால் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட வேண்டுமாம். போட்டால் உள்ளே இருக்கிற கமாவை அது தொடாது.

இப்போது எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். ஃபைல் மறுபடி போய்விட்டது.

செவலை இரண்டு குட்டி போட்டது. ஒன்றுதான் நின்றது. சின்னசாமியோடு அதே சண்டைதான். நைனா தூங்கும்போது மட்டும் இருமுகிறார். அம்சு குட்டியைத் தூக்கிக்கொண்டே திரிகிறாள். அது கத்துகிறது, இவள் அதைவிடக் கத்துகிறாள்.

உன் தங்கை
கலைவாணி


திருப்பதி
15.3.2007

கலைக்கு, அக்காவின் அன்பு. மிளகுத் தண்ணீர் குடித்தேன், தொண்டை சரியானது.

நீ எட்டாவதோடு நின்றவள் என்று யார் சொன்னார்கள்? கங்கையாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “உன் தங்கச்சி இருக்கச்சொல்ல நமக்கு இன்னா கவலை, லிஸ்டுல வந்தமாதிரிதான்” என்றார். அன்று முழுக்க பெட்ஷீட் துவைத்தது கனக்கவில்லை.

ரூமில் கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருத்தி என் ஸ்டவ்வை இப்போதே கேட்கிறாள். கொஞ்சம் பொறு, நான் பஸ் ஏறட்டும் என்றேன்.

செத்த குட்டி கிடாயா, பெட்டையா? தாய் ஆடு தேடுகிறதா? நைனாவை வேர்க்கடலைத் தூசியில் உட்காரவிடாதே. அம்மாவுக்கு என் நீலச் சேலையைக் கட்டிக்கொள்ளச் சொல். பெட்டியில் வைத்து என்ன செய்யப்போகிறேன்?

லிஸ்ட் வந்ததும் எழுது.

நளினி


கங்காதர நெல்லூர்
24.3.2007

அக்காவுக்குக் கலைவாணி வணக்கம். வெயில் ஏறிவிட்டது, மாடி வேலை பார்க்கும்போது தலையில் துணி போட்டுக்கொள்.

ஃபைல் திரும்பி வந்திருக்கிறது. மற்ற எல்லார் வரியையும் கம்பெனிக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. உன் ஒரு வரியை மட்டும் எடுக்கவில்லை. உன் வரி இது:

,நளினி,திருப்பதி,23,,12

முதல் கமாவுக்கு முன்னால் காலி. அது இன்டிபேரு. அது காலியாக இருக்கலாம். இருபத்து மூன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இரண்டு கமா ஒட்டி நிற்கின்றன பார், அது குழந்தைகள். அது காலியாக இருக்கக்கூடாது, ஏதாவது ஓர் எண் வேண்டும் என்கிறார்கள்.

நான் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். நீதான் அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நீ எழுதாததால் நானும் அடிக்கவில்லை.

பிரேமலதா 0 போடச் சொன்னாள். 0 வேறு, காலி வேறு அக்கா. 0 போட்டால் இல்லை என்று அர்த்தம். காலியாக விட்டால் சொல்லவில்லை என்று அர்த்தம். சொல்லாதவரை பொய் இல்லை.

1 போட்டால் ஹாஸ்டல் கிடையாது. குழந்தை இருப்பவர்கள் வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வர வேண்டும். பஸ் சத்தியவேடு வரைக்கும்தான் வருகிறது.

என்ன போடட்டும்? ஏப்ரல் பதினான்காம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். சீக்கிரம் எழுது.

செத்தது பெட்டை. தாய் ஆடு இரண்டு நாள் தேடியது, இப்போது மேய்கிறது. அம்சுவுக்கு அம்மா மொட்டை அடிக்க வேண்டும் என்கிறாள், வெயிலுக்கு. உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றேன்.

கலைவாணி


திருப்பதி
4.4.2007

கலைக்கு, அக்கா. இங்கே சுகம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

பரீட்சை முடிந்து கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. ஒரு ரூமில் பதினோரு பேர். மொட்டை அடித்துவிட்டு வந்தால் யார் யார் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. நேற்று ஒரு பாட்டி வேறு ரூமில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். அந்தக் குடும்பமும் தங்கள் பாட்டி என்றே நினைத்துப் போர்த்திவிட்டிருக்கிறது. எழுந்து பேசிய பிறகுதான் தெரிந்தது. கன்னடப் பாட்டி!

மேனேஜருடைய சட்டைப்பைக் கதை தொடர்கிறது. நான் சாவி வேண்டாம் என்று வெளி வராந்தா மட்டும் கூட்டுகிறேன். அதற்கும் முணுமுணுக்கிறார்.

மாங்காய் பிஞ்சு விட்டதா? மாங்காய்க் கூழ் ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கத் தொடங்கிவிட்டார்களா? அம்மா இந்த வருஷம் அங்கே போக வேண்டாம், முட்டி தாங்காது. நைனாவிடம் சொல்லி அவளைத் தடு. செவலையை விற்க வேண்டாம்.

மழை பெய்ததா?

நளினி


கங்காதர நெல்லூர்
7.4.2007

அக்காவுக்கு. இங்கே சுகம். மழை இல்லை. மாங்காய் பிஞ்சு விட்டிருக்கிறது. அம்மாவைத் தடுத்தாகிவிட்டது. செவலையை விற்கவில்லை.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. தவறிவிட்டதோ என்று கடிதத்தின் பின்பக்கமும் பார்த்தேன்.

நேற்று சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

“இன்னா யோசிச்சினுகீற? உங்க அக்காதான? ஜீரோ தட்டிட்டு அடுத்த வேலையப் பாரு.”

“அக்காவக் கேக்கணும் சார்” என்றேன்.

பிரேமலதா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். “அடேயப்பா, இதுக்கு வாய் கீது சார்! இத்தினி நாளா நான்தான் ஊமைக்குத் தூது போய்க்கினு இருந்தேன்.”

சார் சிரிக்கவில்லை. “கேட்டு இன்னா பண்ணப்போற? ஒண்ணு போட்டா ஹாஸ்டல் இல்ல. திருப்பதிலேர்ந்து தெனம் போயிட்டு வருவாளா? அவ நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

0 போட எனக்கு ஒரு விரல் போதும். ஆனால் அது நான் சொல்கிறதாக இருக்கக்கூடாது. 0 என்றால் 0 என்று நீ எழுது. 1 என்றால் 1 என்று எழுது. பதினான்காம் தேதி சனிக்கிழமை. அதற்குள் எழுதாவிட்டால் உன் வரியை விட்டுவிட்டு லிஸ்டை முடித்துவிடுவார்களாம்.

நைனாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சின்னசாமி வேலியைத் தள்ளிக் கட்டிவிட்டார். குட்டி புல் தின்னத் தொடங்கிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

கலைவாணி


திருப்பதி
10.4.2007

கலை,

0 போடு.

விண்ணப்பம் எழுதும்போது கங்கையா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த இடம் வந்தது. பேனாவைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்து 12 என்று எழுதினேன். என் கையால் முடியவில்லை. டைப் அடிக்கிறவர்கள் யாராவது எதையாவது போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அது நீ என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நீ கேட்காமலே போட்டுவிட மாட்டாயா என்றுதான் பார்த்தேன்.

நேற்று மேனேஜர் கையைப் பிடித்தார். நான் கத்தினேன். வேலை போய்விட்டது. ரூம் வாடகைக்கு இந்த மாதக் கடைசி வரைதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

மற்றக் கம்பெனிகளுக்குப் போகிற ஆண்கள் லிஸ்டும் உங்களிடம்தானே வருகிறது? அதில் இந்தத் தலைப்பு இருக்கிறதா என்று பார். முரளி இப்படி ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தால் அவன் என்ன எழுதியிருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன கடிதத்தில் ஆட்டுக்குட்டி வரை எல்லாரையும் எழுதினாய். அவளை எழுதவில்லை. காய்ச்சலா?

நளினி


கங்காதர நெல்லூர்
13.4.2007

அக்காவுக்குக் கலைவாணி எழுதுவது. காய்ச்சல் இல்லை. நன்றாக இருக்கிறாள். இரண்டு வேளை சோறு தின்கிறாள், மூன்றாவது வேளை என் தட்டிலிருந்து. நீ கேட்பதே இல்லையே என்று நானும் எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். மொட்டை இன்னும் அடிக்கவில்லை.

இன்று காலையில் உன் கடிதம் வந்ததும் சித்தூர் பஸ் ஏறிவிட்டேன். உன் வரியைத் திறந்து இரண்டு கமாவுக்கு நடுவில் கர்சரை வைத்தேன். பிரேமலதா அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 0 அடித்தேன். வரி நகரவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. சேவ் செய்தேன். மாலைக்குள் சார் அனுப்பிவிட்டார். கம்பெனிக் கம்ப்யூட்டர் உன் வரியை எடுத்துக்கொண்டது.

ஆண்கள் ஃபைலையும் பார்த்தேன். இன்டிபேரு, பெயர், ஊர், வயது, படிப்பு. குழந்தைகள் என்ற தலைப்பே அதில் இல்லை. அவர்கள் எதையும் காலியாக விட வேண்டியதில்லை.

அந்த மேனேஜரின் கை உன் மேல் பட்டதைத்தான் இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நைனாவிடமும் சொல்லவில்லை. வேலை வரும்வரை இங்கே வந்து இரேன் அக்கா.

கலைவாணி


கும்மிடிப்பூண்டி
12.6.2007

கலைக்கு, அக்கா எழுதுவது. நல்லபடியாக இருக்கிறேன். இரண்டு மாதமாகக் கடிதம் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இடையில் ரேணிகுண்டாவில் ஒரு தெரிந்தவள் வீட்டில் தங்கியிருந்தேன். ஊருக்கு வந்துவிட்டுப் போக நேரமில்லை என்று அம்மாவிடம் சொல்.

கம்பெனி பெரியது. காருக்குள் போகிற வயர்களைக் கலர் கலராகச் சேர்த்து டேப் சுற்றுகிறோம். நின்றுகொண்டேதான் வேலை. முதல் வாரம் கால் வீங்கியது, இப்போது பழகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லை, ஆனால் வயிறு நிறைய. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. கங்கையா பொய் சொல்லவில்லை.

எங்கள் ரூமில் எட்டுப் பேர். வெதுருகுப்பம் இந்திராணியும் இங்கேதான். மேற்கோள் குறி போட்டு அவளைக் காப்பாற்றியது என் தங்கைதான் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் உனக்கு நன்றி சொன்னாள்.

ஒரு விஷயம். இங்கே தபால் வந்தால் வாட்ச்மேன் மேசையில் பரப்பி வைத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு வருவார்கள், பிரித்தும் படிப்பார்கள். தமாஷுக்குத்தான். என்னைக் கல்யாணம் ஆகாதவள் என்றே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். அதனால் அவளைப் பற்றி எழுதாதே. பெயரும் வேண்டாம்.

அம்மா, நைனா, ஆடுகள், நீ, எல்லாரும் சுகம்தானே?

நளினி


கங்காதர நெல்லூர்
28.6.2007

அக்காவுக்குக் கலைவாணி. உன் கடிதம் வந்தது. கால் வீக்கத்துக்கு இரவில் உப்புத் தண்ணீரில் கால் வை என்றாள் அம்மா.

சென்டரில் வேலை கூடியிருக்கிறது. மாங்காய்க் கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரி லிஸ்ட் அடிக்கிறோம். லாரிக்கும் இன்டிபேரு இல்லை என்று பிரேமலதா என்னைக் கிண்டல் செய்கிறாள். இப்போது சாரிடம் நானே போய்க் கேட்கிறேன். ஒரே ஒரு வாக்கியம்தான், ஆனாலும் கேட்கிறேன்.

வீட்டில் அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை, நைனாவுக்கு இருமல் நின்றது, , குட்டி கொழுத்துவிட்டது, செவலை மறுபடி சினை.

மேலே கை தவறி இரண்டு கமா விழவில்லை. இனி எல்லாக் கடிதத்திலும் அது இருக்கும். உங்கள் மேசையில் யார் எடுத்துப் படித்தாலும் ஒன்றும் தெரியாது. ஏதாவது குறை இருந்தால் வேறு மாதிரி எழுதுவேன். இரண்டு கமா இருந்தால் நல்ல சுகம் என்று வைத்துக்கொள்.

கலைவாணி


கங்காதர நெல்லூர்
5.8.2007

அன்புள்ள அக்கா, கலைவாணி எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. இந்திராணி லீவு முடிந்து வருகிறாள், அவளிடம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தில் ‘நடுவில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன்’ என்று மட்டும் இருந்தது. அதனால் இந்த ஒரு தடவை பெயர் போட்டே எழுதுகிறேன்.

சங்கராந்தியிலிருந்து அம்சு என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லித்தரவில்லை. முதலில் சித்தி சித்தி என்று திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் திருத்தாமல் விட்டுவிட்டேன். நம் அம்மா பார்த்துவிட்டு, “வுடுடி, கொழந்த யாரையாச்சும் கூப்புடணும் இல்ல?” என்றாள். இத்தனை கடிதத்தில் இதை மட்டும் உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ வேலைக்குப் போக மாட்டாய் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை அவளை அங்கன்வாடியில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் புதியவர், சித்தூர்க்காரர், நம்மை யாரையும் தெரியாது. தெருப் பெண்கள் எல்லாரும் சத்து மாவு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அம்சுவிடம், “உங்கம்மா யாரு பாப்பா?” என்று கேட்டார். அம்சு என் பாவாடையைப் பிடித்து இழுத்து, “இதோ!” என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்துப் பேரைச் சொல்லச் சொன்னார். எனக்கு வழக்கம்போல் வார்த்தை வரவில்லை. சின்னசாமியின் பெண்டாட்டி பின்னாலிருந்து, “கலைவாணின்னே எழுதிக்கோங்க மேடம். அந்தப் பொண்ணுதான வளக்குது. பெத்தவ எங்கியோ கீறா” என்றாள். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீச்சர் ‘க’ எழுதிவிட்டார். அம்சு என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நளினி” என்றேன்.

டீச்சர் நிமிர்ந்தார். “இன்னாம்மா? காதுல வுழல.”

நான் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அவங்க அம்மா பேரு நளினி. அத அடிச்சிட்டு எழுதுங்க” என்றேன்.

உன் தங்கை
கலைவாணி